ஒன்பதாம் விதிக்கான எடுத்துக்காட்டு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அது மெய்ப்புத் திருத்தும் வேலையாக என் மேசைக்கு வந்தது.

திண்டுக்கல் நாகல்நகரில் ஓர் அச்சகத்தில் இருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர் என்று எது வந்தாலும் எழுத்துப் பிழை பார்ப்பது என் வேலை. கதை எழுதுவது மிச்ச நேரத்தில். போன ஆவணியில் ஒரு சிறு கையேடு வந்தது. காட்டில் களப்பணி செய்கிறவர்கள் துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளுவதற்கான இருபத்து நான்கு விதிகள். அவற்றின் தமிழ் கரடுமுரடாக இருக்கிறது, ஊழியர்களுக்குப் புரியும்படி இளக்கிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார் ஸ்ரீமதி. அவர் பயிற்சிப் பிரிவு அலுவலர். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை.

எட்டு விதிகளை இளக்கிவிட்டேன். ஒன்பதாவதில் நின்றேன்.

'துப்பாக்கியைக் கைமாற்றும்போது, தருபவரும் பெறுபவரும் தனித்தனியே திறந்து பார்த்து, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்த பிறகே வாகனத்தில் ஏற வேண்டும்.'

விதியில் சிக்கல் இல்லை. கீழே சிறிய எழுத்தில் ஓர் எடுத்துக்காட்டு இருந்தது:

'பெண் வனக்காப்பாளர் ஒருவர், மேலதிகாரி அறிவுறுத்தியும் துப்பாக்கியைச் சோதிக்காமல் வாகனத்தில் ஏறினார். அவரது கவனக்குறைவால் ஓடும் வண்டியில் துப்பாக்கி வெடித்தது. ஓட்டுநர் இடது காதின் கேட்கும் திறனை இழந்தார்.'

மூன்றே வரிதான். அன்றைக்கு அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

[சில கலைச்சொற்களுக்குக் களத்தில் என்ன பேச்சுவழக்கு என்று ஸ்ரீமதியிடம் கேட்டேன். "ஒரு ஸ்டாஃப் நம்பர் தரேன், அவங்ககிட்டயே கேளுங்க" என்று ஓர் எண்ணை அனுப்பினார். அந்த எண் நாகஜோதியுடையது. அந்த மூன்று வரியில் வருகிற பெண். தெரிந்துதான் அனுப்பினாரா என்று இதுவரை நான் கேட்டதில்லை.]

2

தொடக்கத்தை நான்கு முறை எழுதினேன்.

மலையைப் பனி மூடியிருந்த அந்தக் காலையில்—

[சம்பவம் நடந்தது சித்திரையில். பனி எங்கிருந்து வரும்.]

துப்பாக்கியின் குளிர்ந்த இரும்பு அவள் உள்ளங்கையில்—

[நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. வெயிலில் கிடந்த துப்பாக்கி சுடும் என்று பிறகு நாகஜோதி சொன்னாள்.]

அன்று வேலைக்குக் கிளம்பும்போதே நாகஜோதிக்கு ஏதோ சரியில்லை என்று—

[பொய். அன்று அவள் சந்தோஷமாகத்தான் கிளம்பினாள். சின்னாளபட்டி வீட்டில் மகளுக்குத் தலை பின்னிவிட்டு, புளியோதரை கட்டிக்கொண்டு, எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தாள். சகுனம் எதுவும் இல்லை. பயமே அதில்தான் இருக்கிறது.]

நான்காவது இப்படி:

3

செம்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், செல்லக்கிளியின் மல்லிகைத் தோட்டத்தில் ஒரு காட்டுமாடு நின்றுகொண்டிருந்தது. காலை பத்து மணி. கடப்பாறை கனத்தில் கொம்பு. முன்னங்காலில் காயம்பட்டு, நகரமாட்டாமல், பூச்செடிகளை மிதித்தபடி தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி மூச்சு விட்டது.

ஜீப்பில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். வனவர் பொன்னழகு, மூவரில் மேலதிகாரி, ஐம்பத்து மூன்று வயது. வனக்காப்பாளர் நாகஜோதி, முப்பத்தொன்று. ஓட்டுநர் சோலைமலை. இருப்பது ஒரே துப்பாக்கி, பழைய இரட்டைக்குழல். நடுவில் மடக்கித் திறந்து இரண்டு தோட்டா போடுகிற வகை. அதன் விசையைப் பூட்டும் சேஃப்டி தேய்ந்துபோயிருந்தது. பின்னால் தள்ளினாலும் நிற்காமல் முன்னால் வழுக்கி வந்துவிடும். மாற்றித் தரச்சொல்லி எழுதிப்போட்டிருந்தார்கள்.

பொன்னழகு இரண்டு தோட்டாவைப் போட்டு, வரப்பில் நின்று வானத்தைப் பார்த்துச் சுட்டார். மலை அந்தச் சத்தத்தை வாங்கித் திருப்பித் தந்தது. மாடு உடம்பை உதறிக்கொண்டு, நொண்டியபடி உண்ணிப்புதருக்குள் புகுந்து மேலே ஏறிப் போனது.

அதே நேரம் அவருடைய கைப்பேசி அடித்தது. ரேஞ்சர். செம்பட்டிப் பக்கம் வேறொரு மாடு கிணற்றில் விழுந்துவிட்டது, கூட்டம் கூடிவிட்டது, டி.வி.க்காரர்கள் வந்துவிட்டார்கள், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள். ரேஞ்சரின் குரல் நாகஜோதி நின்ற இடம் வரைக்கும் கேட்டது.

பொன்னழகு போனைக் காதில் வைத்தபடியே துப்பாக்கியை அவளிடம் நீட்டினார்.

"ரெண்டும் போயிருச்சு. காலிதான். ஏறும்மா, ஏறு."

அவள் வாங்கினாள். பயிற்சியில் துப்பாக்கியைத் திறந்து மூடுவதில் அவள்தான் முதல். கட்டைவிரல் தானாகவே திறப்பு நெம்புகோலுக்குப் போனது.

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"என்னம்மா, எம்மேல நம்பிக்கை இல்லையா?"

கட்டைவிரல் திரும்பி வந்துவிட்டது.

4

இங்கே பொன்னழகைப் பற்றி ஒரு வார்த்தை.

முதல் வரைவில் அவரைக் கெட்டவராக எழுதியிருந்தேன். மீசை, அதட்டல் எல்லாம் கொடுத்திருந்தேன். படித்துக் காட்டியபோது நாகஜோதி குறுக்கே பேசினாள்.

"அப்பிடி எழுதாதீங்க சார். அவரு நல்ல மனுசன். நான் மாசமா இருந்தப்ப எனக்கு மலையேற டூட்டி போடல. வீட்ல வெஞ்சனம் என்ன வச்சாலும் எனக்கும் ஒரு டப்பாவுல கொண்டாருவாரு."

"அப்புறம் ஏன் அப்படிச் செஞ்சாரு?"

"ரெண்டும் போயிருச்சுன்னுதான் நெனச்சாரு. மலை எதிரொலி குடுத்துச்சுல்ல. ரெண்டு சத்தம் கேட்டுச்சு. ரேஞ்சர் வேற போன்ல கத்துறாரு. அவருக்கு ரேஞ்சருன்னா பயம்."

"ரேஞ்சருக்கு?"

"அவருக்கு மேல ஆளு இருக்காகள்ல."

எனவே மீசையை எடுத்துவிட்டேன்.

5

ஜீப்பில் ஏறும் முன் அவள் செல்லக்கிளியிடம் மெல்லக் கேட்டாள்.

"ஆத்தா, எத்தன சத்தம் கேட்டுச்சு உனக்கு?"

செல்லக்கிளி மிதிபட்ட செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணு மாதிரியும் இருந்துச்சு, ரெண்டு மாதிரியும் இருந்துச்சு தாயி. நான் காதப் பொத்திக்கிட்டேன்ல."

பின்னிருக்கையில் தனியாக உட்கார்ந்தாள். துப்பாக்கியின் கட்டை தரையில், குழல் மேலே, இரண்டு முழங்காலுக்கும் நடுவில். முன்னால் வலப்பக்கம் சோலைமலை, இடப்பக்கம் பொன்னழகு. காலடியில் தண்ணீர்க் கேன், அதன் காதில் கட்டிய கயிறு, ஒரு அரிவாள், சாக்கு.

செம்பட்டி வரை ஏழு கிலோமீட்டர்.

முதல் கிலோமீட்டரில் அவள் சத்தத்தை எண்ணிப் பார்த்தாள். வெடித்தது. பிறகு மலை. இல்லை, வெடித்தது, மறுபடி வெடித்தது, பிறகு மலை. எப்படி நினைத்தாலும் அப்படியே கேட்டது. மனசுக்குள் எத்தனை முறை சுட்டுப் பார்த்தாலும் கணக்கு நிற்கவில்லை.

இரண்டாவது கிலோமீட்டரில் அவர் தோளை நினைத்துப் பார்த்தாள். சுட்டால் தோள் பின்னுக்கு உதறும். ஒரு முறைதான் உதறியதாக ஞாபகம். ஆனால் அப்போது அவள் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாளா, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாளா?

ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் குழல் சாய்ந்தது. ஒரு சமயம் சோலைமலையின் பிடரிக்கு நேரே. ஒரு சமயம் பொன்னழகின் தொப்பிக்கு நேரே. இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினாள். உள்ளங்கை வியர்த்து இரும்பு வழுக்கியது. சேஃப்டியைப் பின்னால் தள்ளினாள். வழுக்கி முன்னால் வந்தது. மறுபடி தள்ளிக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். பள்ளம். விரல் நழுவியது.

இங்கேயே திறந்து பார்த்தால் என்ன? மடக்கினால் குழல் முன்னால் தாழும். ஓடும் வண்டியில், இரண்டு தலைக்கு நேரே. வேண்டாம்.

நாலாவது கிலோமீட்டரில் சோலைமலை பாட்டுப் பாடத் தொடங்கினார். தாளம் போட்டுத் தலையை ஆட்டினார். ஆடுகிற அந்தத் தலையை அவளால் பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. காது மடலுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தாள். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்குத் தை மாதம் நிச்சயம்.

சொல்ல வேண்டும். 'நிறுத்துங்க' என்று ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் பொன்னழகு திரும்பிப் பார்ப்பார். திறந்து பார்த்து உள்ளே ஒன்றும் இல்லையென்றால், அந்த வனவருக்குக் கீழே இனி எந்த முகத்தோடு வேலை பார்ப்பது. சார் பேச்சை நம்பாதவள் என்று பேர் வந்துவிடும்.

ஐந்தாவது கிலோமீட்டர். ஆறாவது.

6

[இந்த இடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். நடந்தது தெரிந்தபிறகும், வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். அதை அழிக்காமல் இங்கே விட்டுவைக்கிறேன்.

"அண்ணே, செத்த நிறுத்துங்க" என்றாள். சோலைமலை வேகத்தைக் குறைத்து, ஒரு தென்னந்தோப்பின் ஓரமாக வண்டியை நிறுத்தினார். அவள் இறங்கி, ஆளில்லாத பக்கம் குழலைத் தரையைப் பார்த்துத் தாழ்த்தித் திறந்தாள். இடது குழலில் தோட்டா இருந்தது. அதை எடுத்துப் பொன்னழகின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே—

இதை நாகஜோதியிடம் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. கேட்டுவிட்டு, "இன்னொரு தடவ படிங்க சார்" என்றாள். படித்தேன். அவள் முன்னாலிருந்த டீ ஆறிப்போய் ஆடை படிந்தது.]

7

நடந்தது இதுதான்.

அவள் சொல்லத்தான் செய்தாள். செம்பட்டி முக்கு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், "அண்ணே, நிறுத்துங்க" என்று சொன்னாள். அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்ததால் அது கத்தலாக வந்தது.

சோலைமலை பயந்துபோனார். குறுக்கே ஏதோ வந்துவிட்டது என்று நினைத்து பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தார்.

வண்டி குலுங்கி நின்றது. அவள் முன்னால் சரிந்தாள். துப்பாக்கி அவள் கையை விட்டுச் சாய்ந்தது. தண்ணீர்க் கேனின் கயிறு விசையில் மாட்டி இழுத்தது.

அந்தச் சத்தம் அவளுக்கு ஞாபகமே இல்லை. ஜீப்புக்குள் புகை. கண்ணாடிக்கு மேலே கூரைத் தகட்டில் கை நுழைகிற அளவு ஓட்டை, அதன் வழியே வெயில். சோலைமலை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் உதடு அசைந்தது. எதுவும் கேட்கவில்லை. இடது காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கிச் சட்டைக் காலருக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்த மச்சம் இருந்த இடம் கருகியிருந்தது.

நான்கு விரற்கடை. அவ்வளவுதான் தள்ளிப் போயிருக்கிறது.

பொன்னழகு திரும்பி, அவள் காலடியிலிருந்து துப்பாக்கியை எடுத்துத் திறந்தார். இரண்டு தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளும் வெளியே விழுந்தன. அவளுக்குக் காது திரும்பக் கேட்க ஆரம்பித்தபோது அவர் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்: "காலின்னுதானம்மா நெனச்சேன். காலின்னுதானே நெனச்சேன்."

ஆஸ்பத்திரி வாசலில் போய் இறங்கும்போது அந்த வாக்கியம் மாறியிருந்தது.

"நீ செக் பண்ணலையாம்மா?"

8

விசாரணை ஒரு அறையில் நடந்தது. மின்விசிறி ஓடியது. மூன்று பேர் கேட்டார்கள்.

"வண்டியில் ஏறும் முன் சோதித்தீர்களா?"

"இல்ல சார்."

"சோதிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

எழுதிக்கொண்டார்கள். ஏன் சோதிக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் தானாகச் சொல்லவில்லை. பொன்னழகு, சோதிக்கும்படி தான் சொன்னதாக எழுதிக் கொடுத்திருந்தார். அவளைப் பார்க்காமல், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

அடுத்து சோலைமலை. துப்பாக்கி கைமாறும்போது என்ன பேசிக்கொண்டார்கள்?

"எஞ்சின் ஓடிக்கிட்டிருந்துச்சு சார். எனக்கு ஒண்ணும் காதுல விழல."

காதில் கட்டோடு ஒரு மனிதன் அப்படிச் சொல்லும்போது யார்தான் மேலே கேட்பார்கள்.

நாகஜோதிக்கு எழுத்து மூலமாகக் கண்டனம் வந்தது. ஆயக்குடிப் பக்கம் மாற்றல் வந்தது. சில மாதங்களுக்குத் துப்பாக்கி தர வேண்டாம் என்று ஓர் உத்தரவும். கண்டனத்தை வாசித்து அழுதவள், அந்தக் கடைசி உத்தரவைக் கண்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

9

சோலைமலையை நான் போய்ப் பார்த்தேன். அவரைப் பார்க்காமல் எழுதினால், அவரையும் ஒருபக்கமாக எழுதிவிடுவேன் என்று தோன்றியது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் வலது பக்கமாக என்னை உட்கார வைத்துக்கொண்டார்.

"நாகு எப்பிடி இருக்கு?"

"இருக்காங்க."

டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு, "அவரு காலின்னு சொன்னது விழுந்துச்சு. நம்பிக்கை இல்லையான்னு கேட்டதும் விழுந்துச்சு. அந்தப் புள்ள நிறுத்துங்கன்னு கத்துனதுதான் இந்தக் காதுல கடைசியா விழுந்தது" என்றார்.

"விசாரணையில சொல்லியிருக்கலாமே."

"இன்னும் நாலு வருசம் சர்வீஸ் இருக்கு. தினமும் அவுகளத்தான் வச்சு ஓட்டணும்." டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க எழுதுறதுன்னா எழுதிக்கிருங்க. கேட்டா விழலன்னுதான் திரும்பவும் சொல்லுவேன்."

அவர் மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. நாகஜோதிக்கும் வரவில்லையாம். "நான் ஆறு கிலோமீட்டர் வாயத் தொறக்கல. அவர எப்பிடி நான் கேக்குறது" என்றாள்.

[அவளுக்கு இப்போது உள்ள பயம் வேறு. பேசாமல் இருந்ததால் அது நடந்ததா, பேசியதால் நடந்ததா? வாயை மூடிக்கொண்டு இன்னும் ஒரு கிலோமீட்டர் வந்திருந்தால் வண்டி தானாக நின்றிருக்கும். வீட்டில் கணவர் வண்டி ஓட்டும்போது பின்னால் உட்கார்ந்து "பாத்து" என்று சொல்லக்கூடப் பயமாக இருக்கிறது என்றாள். எழுதுகிறவனிடம் இதற்குப் பதில் இருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டிருப்பாள்.]

10

எடுத்துக்காட்டை முழுசாக எடுத்துவிடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

"எடுக்காதீங்க சார். படிக்கிறவுகளுக்கு வேணும். துப்பாக்கி என் கையிலதான் இருந்துச்சு, தெறந்து பாக்காதது என் தப்புத்தான். 'அறிவுறுத்தியும்'னு இருக்குல்ல, அத மட்டும் எடுத்துருங்க. அப்பறம் 'கவனக்குறைவு'ங்கிறதையும்."

"வேற என்ன போடுறது?"

"எஞ்சென்மத்துல நான் எதையும் அம்புட்டுக் கவனமாப் பாத்ததில்ல சார். ஆறு கிலோமீட்டரும் அந்தக் குழலத்தான் பாத்துக்கிட்டே வந்தேன். கவனமெல்லாம் இருந்துச்சு." கொஞ்சம் யோசித்தாள். "பயம்னு போடுங்க."

போட்டேன். 'அவரது பயத்தால்' என்று திருத்தி, 'அறிவுறுத்தியும்' என்பதை அடித்து, ஸ்ரீமதிக்கு அனுப்பினேன். மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"அறிவுறுத்தியும்ங்கிறத நான் எடுத்துடறேன். அதுக்கு நான் பொறுப்பு. ஆனா பயம்னு அச்சடிச்சா, யாரைப் பாத்துப் பயம்னு மேல கேப்பாங்க சார்."

"கேக்கட்டுமே."

"யாரு பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். அந்தப் பக்கம் யாரோ அவர் அறைக்குள் வந்தது கேட்டது. குரலைத் தாழ்த்தி, "தயக்கம்னு போடலாமா? தயக்கம்னா யாருக்கும் வலிக்காது" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் யோசிப்பதற்கு எதுவும் இல்லை. அச்சகத்துக்கு இந்த மாதிரி வேலை இன்னும் வரவேண்டுமே என்றுதான் இழுத்தேன். இதையும் எழுதிவிடுவதுதான் நியாயம்.

11

இன்று திங்கள்கிழமை. மணி பதினொன்று. பன்னிரண்டுக்கு அச்சுத் தகடு இயந்திரத்தில் ஏற வேண்டும். எடுத்துக்காட்டில் அந்த ஒரு சொல்லின் இடத்தைக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அச்சகத்து சூசைமாணிக்கம் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார்.

"என்ன சார், எந்தச் சொல்லு?"

பயமா, தயக்கமா என்று நாகஜோதிதான் சொல்ல வேண்டும். ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்புகளில் யானை இறங்குகிறதாம். ஆள் பற்றாக்குறை. எனவே அவளுக்குத் துப்பாக்கி தர வேண்டாம் என்ற உத்தரவு ரத்தாகி, இன்று காலையிலிருந்து அவள் கையில் மறுபடி துப்பாக்கி. "என்ன செய்ய சார். வாரேன்னு சொல்லிட்டேன், போகாம இருக்க முடியுமா" என்றாள் நேற்று. புது வனவர் எப்படி என்று கேட்டேன். "'ஏனுங்க அம்மிணி'ன்னு மரியாதையாத்தான் பேசுறாரு. இனிமேத்தான் தெரியும்."

நான்கு முறை அழைத்துவிட்டேன். மணி அடித்து அடித்து நிற்கிறது.

கையில் துப்பாக்கி இருக்கும்போது கைப்பேசியை எடுக்கக் கூடாது என்பது பதினேழாம் விதி. அந்த வாக்கியத்தை இளக்கியது நான்தான். அதனால்தான் எடுக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கோடு போட்ட இடம் இது: 'அவரது ____________ ஓடும் வண்டியில் துப்பாக்கி வெடித்தது.' நீங்கள் வேலை பார்க்கிற இடத்தில், தெரிந்தும் கேட்காமல் விட்ட ஒன்று இருக்கும். அதற்கு அன்று இரவு நீங்கள் உங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர் எதுவோ, அதை இங்கே எழுதுங்கள். என்னால் எழுத முடியவில்லை.

சூசைமாணிக்கம் மூன்றாவது முறையாக வந்து நிற்கிறார். கொஞ்சம் பொறுங்கள் என்று கை காட்டுகிறேன்.

ஐந்தாவது முறை அழைக்கிறேன். மணி அடித்துக்கொண்டிருக்கிறது.